காரில் ஒட்டிய இரும்புத் துகளை வீட்டிலேயே எடுப்பது எப்படி: வரிசை மாறாமல் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசை வீடுகளில் வெள்ளைக் கார்தான் அதிகம். கழுவித் துடைத்த பிறகும் பூட் மூடியிலும் பின் பம்பரிலும் மிளகாய்த் தூள் சிந்தியது போல ஆரஞ்சுப் புள்ளிகள் நிற்கும். பார்த்தவுடன் "காடி துருப்பிடிச்சிருச்சு" என்று பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் தகடு நன்றாகத்தான் இருக்கும். எங்கிருந்தோ பறந்து வந்து பெயிண்டில் குத்திக்கொண்ட இரும்புத் துகள்தான் அங்கே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

என் மைவி காருக்கு மூன்று முறையும், அக்கம்பக்கத்துக் கார்கள் ஏழெட்டுக்கும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். சிலருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் தேய்த்துவிட்டு அப்புறம் இரும்பைக் கரைக்கும் மருந்தை அடிக்கிறார்கள். பெயிண்டில் குத்தி நிற்கும் இரும்பை அப்படியே தேய்த்தால், அது கழன்று வரும்போதே பக்கத்தில் கீறிக்கொண்டு வரும். கரைப்பது முதலில், தேய்ப்பது கடைசியில்.

1. இது இரும்புதானா என்று முதலில் பாருங்கள்

எங்கள் ஊரில் கார்மேல் விழுவது எல்லாம் இரும்பு இல்லை. ஆலைப் பக்கம் குடியிருப்பவர்கள் காரில் கறுப்பாகப் படிவது கொதிகலனில் செம்பனை நாரும் கொட்டை ஓடும் எரிந்து வரும் சாம்பல். அது தண்ணீருக்கே போகும். தோட்டத்துச் செம்மண் கதவின் அடியில் அப்பியிருந்தால் ஷாம்பு போதும். சக்கரத்துக்குப் பின்னால் கறுப்பாகப் பிசுபிசுப்பது சாலைத் தார். கிணற்றுத் தண்ணீரிலோ ஆழ்குழாய்த் தண்ணீரிலோ கழுவுகிறவர்களுக்கு மஞ்சளாக, சொட்டுச் சொட்டாகக் கறை நிற்கும். அது தண்ணீர் காய்ந்த தடம். துகள் குத்தியது வேறு.

இரும்புத் துகள் வரும் வழிகள் மூன்று. ஒன்று, நம் பிரேக்கே. டிஸ்க் வார்ப்பிரும்பு. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் பொடி பறந்து ரிம்மிலும் காரின் பின்பக்கத்திலும் ஒட்டும். இரண்டு, ரயில். ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தண்டவாளத்தை ஒட்டி நாள் முழுக்க காரை நிறுத்திவிட்டுப் போனால், கூரையும் போனட்டும் புள்ளி புள்ளியாகும். மூன்றாவதுதான் மோசம்: இரும்பு அறுக்கும் கிரைண்டர். தீபாவளி நெருங்கும்போது யாராவது ஒருவர் வீட்டில் கிரிலோ கூரைச் சட்டமோ புதிதாகப் போடுவார்கள். அறுக்கும்போது பறக்கும் பொறி பழுக்கக் காய்ந்த இரும்பு. அது பெயிண்டைச் சுட்டு உள்ளே இறங்கிவிடும்.

கழுவிய காரில் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கைக்கு மாட்டிக்கொண்டு, ஈரமான போனட்டின்மேல் விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் பைக்குள்ளிருந்து தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். எந்தப் பக்கம் சொரசொரக்கிறது என்று நினைவில் வையுங்கள். கடைசி வரை இந்தப் பைதான் நமக்கு அளவுகோல்.

2. கையில் இருக்க வேண்டியவை

அயர்ன் ரிமூவர் (நான் மருந்து என்று சொல்வது இதைத்தான்), 500 மில்லி போத்தல் ஒன்று. கார் ஷாம்பு. இரண்டு வாளி. மைக்ரோஃபைபர் துணி ஆறாவது வேண்டும். கிளே பார் (பெயிண்டில் ஒட்டியதை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) ஒன்று, மெல்லிய ரகம். தார் எடுக்கும் திரவம் கொஞ்சம். மெழுகு. நைட்ரைல் கையுறை. ரிம்முக்குத் தனியாக ஒரு பிரஷ். அந்தப் பிரஷ் பெயிண்ட் பக்கமே வரக்கூடாது.

போத்தலின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். நமக்கு வேண்டியது தையோகிளைக்கோலேட் வகை. சலூனில் முடியைச் சுருட்டை ஆக்கும் மருந்திலும், முடி நீக்கும் கிரீமிலும் இருக்கும் அதே குடும்பம்தான். இது இரும்போடு சேர்ந்து தண்ணீரில் கரையும் ஒரு கூட்டுப்பொருளாக மாறும், அதன் நிறம் கத்தரிப்பூ ஊதா. பெரும்பாலான போத்தல்களில் 'நடுநிலை பிஎச்' என்று போட்டிருக்கும். அதாவது அமிலம் இல்லை, பெயிண்டை அரிக்காது.

ஹார்ட்வேர் கடையில் டைல்ஸுக்கு விற்கும் துரு நீக்கி வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலும் கடும் அமிலம் இருக்கும். ரிம்மை நிமிடத்தில் பளிச்சென்று ஆக்குகிறது என்று யாராவது கொடுக்கும் பெயர் தெரியாத போத்தலையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டு வைத்தியமும் ஒன்று இருக்கிறது. எங்கள் வரிசையில் ஓர் அக்கா, "குத்துவிளக்கே புளி போட்டா பளபளன்னு ஆகுது, காடி ஆகாதா தம்பி?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, மகனைவிட்டுத் தேங்காய் நாரில் புளியைத் தோய்த்துப் பூட் மூடியைத் தேய்க்கவும் வைத்துவிட்டார். ஆரஞ்சு நிறம் போனது உண்மை. புளியில் இருக்கும் அமிலம் மேல் துருவை எடுத்துவிட்டது, உள்ளே குத்திய இரும்பு அப்படியே இருந்தது. இரண்டு வாரத்தில் புள்ளி திரும்ப வந்தது. நார் போட்ட கோடுகள் மட்டும் இன்னும் இருக்கின்றன.

3. நேரமும் இடமும்

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் மருந்து அடிக்கும் வேலையை முடித்துவிடுங்கள். நம் வெயிலில் பத்து மணிக்கு மேல் போனட்டில் கை வைக்க முடியாது. சூடான தகட்டில் மருந்து வேலை செய்வதற்கு முன்பே காய்ந்துவிடும். சாயங்காலம் செய்யலாம் என்றால் மழை வந்து நிற்கும்.

முதல் முறை நான் ஞாயிறு பதினொரு மணிக்கு அடித்தேன். போனட்டில் நிறம் மாறுவதை வாய் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கூரையில் அடித்தது காய்ந்து, வரைபடம் போல ஊதாவும் பழுப்புமாகத் திட்டு விழுந்துவிட்டது. அப்படி ஆனால் சுரண்டாதீர்கள். அதே மருந்தை மேலே அடித்து நனைத்து, ஒரு நிமிடத்தில் அலசிவிட்டு, ஷாம்பு போட்டுக் கழுவினால் போய்விடும். எனக்குப் போனது, ஆனால் அரை போத்தல் வீண்.

கார் ஓடி வந்த சூட்டோடு தொடங்கவும் கூடாது. பிரேக் டிஸ்க் ஆற ஒரு மணி நேரமாவது விடுங்கள். காற்றோட்டமான இடம், சிமெண்டுத் தரை, பக்கத்தில் கீரைப் பாத்தி இல்லாத இடம். வாசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது நான் ரிம்முக்கு அடித்துவிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்து சனிக்கிழமைக் காலைதான்.

4. ரிம் முதலில், உடம்பு அப்புறம்

ரிம்மில்தான் அழுக்கு அதிகம். கடைசியாக அதைக் கழுவினால், தெறிக்கும் கறுப்புத் தண்ணீர் சுத்தம் செய்த கதவில் விழும். அதனால் முதலில் நான்கு ரிம்மையும் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு ரிம் என்று மருந்தை அடித்து, மூன்று நிமிடம் விட்டு, பிரஷால் ஆட்டி அலசுங்கள். முன் ரிம் இரண்டும் பின்னதைவிட அதிகமாக ஊதா கக்கும். பிரேக்கின் சுமை முன்னால்தான் அதிகம், பயப்பட ஒன்றுமில்லை.

மேல் பூச்சு உரிந்த ரிம், கீறி வெறும் அலுமினியம் தெரியும் ரிம், குரோம் கொப்பளித்த இடம், இவற்றில் அடிக்காமல் விடுங்கள். கறை நின்றுவிடலாம்.

5. முழுக் காரையும் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள்

நிறையப் பேர் இதைத் தாண்டிப் போகிறார்கள். "மருந்துதான் அடிக்கப் போறோமே, எதுக்குக் கழுவணும்?" செம்மண்ணும் சாம்பலும் மேலே இருந்தால் மருந்து இரும்பைத் தொடவே தொடாது. மண்ணை நனைத்ததோடு நின்றுவிடும்.

ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு ஷாம்பு வாளிக்குக் கொண்டு வாருங்கள். மேலிருந்து கீழே வாருங்கள், மணல் இருப்பது கீழே. கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள் கடைசி அலசலையாவது குழாய்த் தண்ணீரில் செய்யுங்கள்.

முடித்த பிறகு தேங்கி நிற்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் மருந்து நீர்த்துப்போகும். எலும்பு காய்வது போலக் காய வைக்கவும் வேண்டாம், லேசான ஈரம் இருக்கட்டும்.

6. மருந்து அடித்தல்

கையுறை போடுங்கள். தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் அந்த நாள் அவ்வளவுதான். ஸ்பிரே அடிக்கும்போது காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். வினிகர், எலுமிச்சை, வேறு அமிலம், குளோரின் கலந்த வெளுப்பான் எதையும் இதோடு கலக்காதீர்கள், அதே வாளியில்கூட. நச்சு வாயு கிளம்பும்.

முழுக் காருக்கும் ஒரே நேரத்தில் அடிக்காதீர்கள். கூரையும் போனட்டும் முதலில், அலசிவிட்டு ஒரு பக்கம், அலசிவிட்டு மறு பக்கம், கடைசியாகப் பூட்டும் பின் பம்பரும். நம் சூட்டில் ஒரு பக்கத்தை அடித்து முடித்துத் திரும்புவதற்குள் முதல் கதவு காய ஆரம்பித்திருக்கும்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காது. இங்கேதான் பொறுமை இல்லாமல் இன்னும் இன்னும் அடிக்கிறார்கள். பொறுங்கள். ஒவ்வொரு ஆரஞ்சுப் புள்ளியைச் சுற்றியும் மெல்ல ஒரு ஊதா வட்டம் விரியும், அப்புறம் அதிலிருந்து கண் மை கரைந்து கன்னத்தில் இறங்குவது போலக் கோடு கோடாகக் கீழே ஒழுகும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் விடலாம். போத்தலில் வேறு கணக்கு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். எப்படியும் காய மட்டும் விடாதீர்கள்.

கறுப்பு, அடர் சிவப்புக் கார்களில் ஊதா தெரியாது. மருந்து போலி என்று முடிவு கட்டிவிடுவார்கள். கீழே சிமெண்டில் ஒழுகும் தண்ணீரைப் பாருங்கள், அல்லது ஒரு வெள்ளைத் துணி நுனியால் ஒற்றிப் பாருங்கள்.

இந்த நேரத்தில் தேய்க்கக் கூடாது. மருந்து துகளின் வெளிப்புறத்தைக் கரைத்து, பிடியைத் தளர்த்திக்கொண்டிருக்கிறது. கை வைத்தால் பாதி கழன்ற துகள் துணியில் மாட்டிக்கொண்டு அடுத்த ஓர் அடிக்குக் கோடு போடும். காரின் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் அதில் 40, 50 மைக்ரான். தவறு செய்ய நமக்கு அவ்வளவு இடம் இல்லை.

புதிதாகப் பெயிண்ட் அடித்த பாகம் இருந்தால், குறைந்தது ஒரு மாதமாவது போகட்டும். கீறல் விழுந்து தகடே துருப்பிடித்த இடத்தில் அடிப்பதில் பயன் இல்லை. அது பெயிண்ட் கடை வேலை.

7. அலசல், பிறகு பை

மேலிருந்து கீழே, நினைப்பதைவிட இரண்டு மடங்கு தண்ணீர் விட்டு அலசுங்கள். பக்கக் கண்ணாடியின் கால், கதவுக் கைப்பிடியின் உள்பக்கம், பெட்ரோல் மூடியின் உள்பக்கம், பூட் இடுக்கு: மருந்து தங்கும் இடங்கள் இவை. அங்கே தங்கிய மருந்து அடுத்த நாள் ஓடும்போது வடிந்து, காய்ந்து, பழுப்புக் கோடாகத் தெரியும். நான் பெட்ரோல் மூடியை மறந்து போனதால்தான் இதைச் சொல்கிறேன். அலசிய பிறகு ஒரு முறை லேசாக ஷாம்பு போட்டுவிடுங்கள்.

இப்போது மறுபடியும் பிளாஸ்டிக் பை. முன்பு சொரசொரத்த இடங்களில் பாதி வழுவழுப்பாகியிருக்கும். கிரைண்டர் பொறி பட்ட காராக இருந்தால் புள்ளி மிச்சம் இருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு முறை அடியுங்கள். இரண்டாவது முறையும் கொஞ்சம் ஊதா வருகிறதே என்று மூன்றாவது அடிக்க வேண்டாம். ரிம் எப்போதுமே கொஞ்சம் கக்கிக்கொண்டுதான் இருக்கும். பெயிண்டில் இரண்டு சுற்றுக்கு மேல் நின்றதைக் கிளே எடுக்கும்.

8. தார்ப் புள்ளிகள்

கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் கறுப்புப் புள்ளி இருந்தால், துணியில் தார் நீக்கியை ஊற்றி அரை நிமிடம் ஒற்றி வைத்துத் துடையுங்கள். அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். கிளே கட்டியில் தார் ஏறினால் கட்டி பாழ், அதனால்தான் இது முன்பே வருகிறது.

9. கிளே: மெதுவாக, நிறைய வழுக்கலோடு

கிளே ஒரு வகை பிசின் களிமண். பெயிண்டுக்கு மேல் துருத்தி நிற்பதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். முழுக் கட்டியையும் எடுக்காதீர்கள். நான்கில் ஒரு பங்கை வெட்டி, உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து, மூன்று விரல் அகலத்துக்கு ரொட்டி மாதிரித் தட்டுங்கள். கை தவறித் தரையில் விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மிச்சக் கட்டி பத்திரமாக இருக்கும். விழுந்ததை அலசிவிட்டுத் திரும்பப் பயன்படுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அலசினாலும் அதில் ஏறிய மணல் போகாது.

இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் ஷாம்புத் தண்ணீரையோ கிளேயோடு வரும் திரவத்தையோ தாராளமாக அடியுங்கள். கிளேயை வைத்து, கையின் கனம் மட்டும் போதும், நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். வட்டமாக வேண்டாம். மெல்லிய கோடு விழுந்தாலும் நேர்கோடு வெயிலில் அவ்வளவாகத் தெரியாது, வட்டம் பளிச்சென்று தெரியும்.

காதையும் கொடுங்கள். ஆரம்பத்தில் சரசரவென்று சத்தம் வரும். நாலைந்து ஓட்டத்தில் சத்தம் அடங்கி, கட்டி வழுக்கிக்கொண்டு போகும். அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். கட்டி எங்காவது ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் வழுக்கல் போதவில்லை, இன்னும் அடியுங்கள், அழுத்தாதீர்கள்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கட்டியைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் அதில் குந்தியிருக்கும். மடித்து, அழுக்கு உள்ளே போகும்படி பிசைந்து, புது முகத்தால் தொடருங்கள். நம் ஊர்ச் சூட்டில் கிளே கொஞ்ச நேரத்திலேயே கொழகொழத்துவிடும். நிழலில் ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு வைத்தால் பதமாக இருக்கும்.

முழுக் காருக்கும் கிளே போட வேண்டிய கட்டாயம் இல்லை. பை எங்கே சொரசொரத்ததோ அங்கே மட்டும் போதும் என்பது என் கட்சி, கறுப்புக் காராக இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் கிளே கொஞ்சம் மங்கல் விட்டுத்தான் போகும்.

10. அன்றைக்கே மெழுகு

இத்தனையும் செய்த பிறகு பழைய மெழுகு ஏறக்குறைய போயிருக்கும். பெயிண்ட் வெறும் உடம்போடு நிற்கிறது. அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், அடுத்த வாரத்துக்குள் பிரேக் பொடி திரும்ப ஏறிவிடும். மெழுகு இருந்தால் பொடி அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது.

கடைசியாக ஒரு முறை கழுவி, இடுக்கு வரை நன்றாகத் துடைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு. ஒவ்வொரு பாகமாகப் போட்டு, மங்கல் கட்டியதும் உடனே துடைத்து எடுங்கள். நான்கு பக்கமும் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வந்து கை வலிக்கத் தேய்க்க வேண்டியிருக்கும்.

முடிந்ததும் காரை ஒரு முறை வெளியே எடுத்து, ஆள் இல்லாத சாலையில் இரண்டு மூன்று தடவை பிரேக்கை மிதியுங்கள். தண்ணீர் பட்ட டிஸ்க் இரவோடு இரவாக ஆரஞ்சாகிவிடும். காலையில் அதைப் பார்த்து "மருந்துதான் டிஸ்க்கைத் தின்னுருச்சு" என்று எனக்குப் போன் வந்திருக்கிறது.

11. கண்ணாடியும், திரும்ப வராமல் இருப்பதும்

கிரைண்டர் பொறி முன் கண்ணாடியிலும் பதியும். அதே மருந்து, அதே கிளே, பயம் இல்லாமல் செய்யலாம். ஆனால் பொறி பட்ட இடத்தில் கண்ணாடி உருகிச் சின்னக் குழி விழுந்திருந்தால், இரும்பு போன பிறகும் குழி நிற்கும். விரல் நகம் மாட்டினால் குழிதான். அதற்கு மேல் தேய்க்காதீர்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை பையால் தடவிப் பார்த்து, சொரசொரத்தால் மட்டும் இந்த வேலை. ரயில் நிலையத்தில் தினமும் நிறுத்துகிறவர்கள் தண்டவாளத்திலிருந்து தள்ளி இருக்கும் வரிசையைப் பிடியுங்கள், பத்து நிமிடம் முன்னால் போனாலே இடம் கிடைக்கும். பக்கத்து வீட்டில் கிரில் போட ஆள் வந்து வயரை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், கேன்வாஸ் போட்டு மூடிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பொறி அதையும் ஓட்டை போடும். சாவியை எடுத்துக்கொண்டு காரை அடுத்த சாலைக்குக் கொண்டு போய் நிறுத்துங்கள்.